ஏரிக்கு ஓர் அறை

எழுபதுகளில் மயிலாப்பூர்ப் பிள்ளைகளுக்குக் காணும் பொங்கலன்று இரண்டு காலேஜ் உண்டு. எழும்பூரில் இருந்தது செத்த காலேஜ். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்தது உயிர் காலேஜ். முதலாவது அருங்காட்சியகம், இரண்டாவது மிருகக்காட்சிசாலை. கச்சேரி ரோட்டை ஒட்டிய எங்கள் சந்தில் அவற்றை வேறு பெயரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. முதல்நாள் ராத்திரியே பாட்டி புளிக்காய்ச்சல் கிண்டி வைத்துவிடுவாள். விடிந்ததும் சாதத்தில் பிசைந்து வாழையிலையில் பொட்டலம் கட்டித் தூக்குப்பையில் அடுக்கிக்கொண்டு, குளத்தங்கரையில் பல்லவன் பஸ்ஸுக்குக் காத்து நிற்போம். செத்த காலேஜுக்குத்தான் முதலில் போக வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. உயிர் காலேஜுக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டால் எங்களை வெளியே இழுப்பது நடக்காத காரியம் என்று அவருக்குத் தெரியும்.

எழும்பூரில் பாந்தியன் ரோட்டில் இறங்கினால் சிவப்புக் கட்டடங்கள். அன்றைக்கு அந்த வளாகமே மனிதத் தலைகளாக இருக்கும். செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் மரத்தடியில் துணி விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அமராவதிச் சிற்பங்களையும் நடராஜர் படிமங்களையும் பெரியவர்கள் பார்ப்பார்கள். எங்கள் கால்கள் நேராகத் திமிங்கலத்திடம் போகும். 1874-இல் மங்களூர்க் கரையில் ஒதுங்கிய திமிங்கலம் அது. சுமார் 60 அடி நீளத்துக்கு முதுகெலும்பும் விலாவும் தாடையுமாகத் தொங்கும். அந்தக் கூடத்தில் ரசகற்பூரமும் பழைய மரப்பெட்டியும் கலந்த ஒரு வாசனை இருந்தது. இன்றும் எங்காவது பழைய பீரோவைத் திறக்கும்போது அந்த வாசனை வந்தால், என் கண்முன்னால் விலா எலும்புகள்தாம் வந்து நிற்கின்றன.

பாட்டி ஒருமுறை அங்கே நின்றுகொண்டு காவலாளியிடம் கேட்டாள். "இது எந்த ஊர்க் கடல்ல கிடைச்சதுப்பா?"

"மங்களூரும்மா."

"நம்ம ஊர்க் கடல்ல கிடைச்சது ஒண்ணும் இல்லியா?"

அவர் பக்கத்துக் கூடத்தைக் கை காட்டினார். சிப்பிகளும் பவளங்களும் அங்கே இருந்தன. பாட்டி அவற்றையும் போய் நிதானமாகப் பார்த்தாள். ஆனால் அவள் எதைத் தேடினாள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது.

இந்த அருங்காட்சியகம் தொடங்கியது எழும்பூரில் அல்ல. மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டியின் யோசனைப்படி, 1851-இல் நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இருந்த கட்டடத்தில் அதைத் திறந்தார்கள். கல்லூரி வளாகத்தில் பிறந்ததால்தான் ஊர் அதைக் காலேஜ் என்றது. எட்வர்ட் பால்ஃபர் என்ற ராணுவ மருத்துவர் முதல் பொறுப்பாளர். ஆரம்பத்தில் இருந்தவை பெரும்பாலும் கற்களும் தாதுக்களும். இடம் போதாமல் 1854-இல் பாந்தியன் மாளிகைக்கு வந்தார்கள். ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் கூடிக் களித்த மண்டபம் அது. உயிருள்ள விலங்கு இருந்தால் சனம் திரண்டு வருகிறது என்பதைப் பால்ஃபர் கண்டுகொண்டார். கர்நாடக நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளைக் கேட்டு வாங்கி, 1855-இல் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு மிருகக்காட்சிசாலையை உண்டாக்கினார். செத்ததும் உயிருள்ளதும் எட்டு ஆண்டுகள் ஒரே மதிலுக்குள் இருந்திருக்கின்றன. 1863-இல்தான் உயிருள்ளவை பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின.

பீப்பிள்ஸ் பார்க் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. கவர்னர் ட்ரெவெல்யன் ஊர் மக்களுக்காக அமைத்த தோட்டம். 116 ஏக்கர், அதில் 11 குளங்கள். நான் பார்த்தபோதே அதில் பாதிக்கு மேல் கரைந்துபோயிருந்தது. ஒரு பக்கம் ரிப்பன் மாளிகை, ஒரு பக்கம் விளையாட்டரங்கம், ஒரு பக்கம் மூர் மார்க்கெட் என்று ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த இடத்தில் மாநகராட்சி நடத்திய உயிர் காலேஜ் இருந்தது. சிமெண்டுத் தரையும் கம்பியுமாகக் குறுகலான கூண்டுகள். புலி மூன்று எட்டு வைத்தால் திரும்ப வேண்டும். அந்தச் சின்ன வயதிலும் அதைப் பார்க்கையில் நெஞ்சு கனத்தது. வேப்பேரியில் இருந்த அத்தை வீட்டில் தங்கினால், ராத்திரி இரண்டாம் ஜாமத்தில் சிங்கம் உறுமுவது கேட்கும். அத்தை திரும்பிப் படுத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடி, நம்ம சிங்கந்தான்" என்பாள். நம்ம சிங்கம் என்று சொல்லும் உரிமை வேப்பேரிக்காரர்களுக்கு அன்றைக்கு இருந்தது.

காணும் பொங்கலின் கடைசிச் சுற்று மூர் மார்க்கெட். 1900-இல் திறந்த சிவப்புக் கட்டடம். தாழ்வாரம் முழுவதும் பழைய புத்தகக் கடைகள். அங்கேதான் அப்பா அட்டை கிழிந்த பறவைப் புத்தகம் ஒன்றைப் பேரம் பேசி எனக்கு வாங்கிக் கொடுத்தார். இன்னும் என்னிடம் இருக்கிறது. கிளிக்கூண்டுகளும் புறாக்களும் வண்ண மீன்களும் பின்பக்கத்தில் விற்கும். உயிர் காலேஜில் பார்த்ததை வீட்டுக்கே எடுத்துப்போக வேண்டும் என்று தம்பி அழுவான்.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. அதே ஆண்டு ஜூலையில் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்தார்கள். 1,000 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டில் புலிக்கு நடக்க இடம் கிடைத்தது. அதில் எனக்கு முழு நிறைவு. உயிர் காலேஜ் அந்த இடத்திலேயே இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் ஒரே கோடையில் இரண்டும் போனதில் ஊரின் ஒரு பக்கமே இல்லாமல் போய்விட்டது. மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. டிக்கெட் வரிசையில் நிற்கும் ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு, பக்கத்திலேயே நீர்யானை மூழ்கிக் கிடந்தது என்று தெரியும்?

ஊரின் விலங்குகளைப் பார்க்க எழும்பூர் வரை போகத் தேவையில்லை என்று சொன்ன ஒருவர் எங்கள் மயிலாப்பூரிலேயே இருந்தார். மா. கிருஷ்ணன். அ. மாதவையாவின் மகன். எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில், இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில், அவர் வீடு. அதன் பெயர் பெருங்குளம், மாதவையாவின் சொந்த ஊரின் பெயர். 1950-இல் தொடங்கி 1996 பிப்ரவரியில் இறக்கும் வரை கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கைப் பத்தி எழுதிவந்தார். யானையும் காட்டெருதும் அவருக்குப் பெரிய விஷயந்தான். ஆனால் கொல்லையில் ஓடும் அணிலையும், சுவரில் ஊரும் பல்லியையும், காக்கையையும் அதே மதிப்போடு எழுதினார். தமிழிலும் எழுதியிருக்கிறார், அவற்றைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்துத் தந்த பிறகுதான் பலருக்குப் படிக்கக் கிடைத்தன. சாலையில் நடந்துபோகும் அவரைச் சிறுவயதில் அப்பா காட்டியிருக்கிறார். "அதோ போறார் பாரு, குருவியோட பாஷை தெரிஞ்சவர்." அப்போது எங்கள் வீட்டு முற்றத்து ஓட்டுத் தாழ்வாரத்தில் சிட்டுக்குருவி கூடு கட்டியிருந்தது. அரிசி புடைக்கும்போது பாட்டி நொய்யை ஒரு மூலையில் தள்ளி வைப்பாள். குருவியின் பங்கு என்பாள். அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். முற்றமும் இல்லை, அரிசி புடைப்பவரும் இல்லை. குருவி எங்கே இறங்கும்?

பாட்டி தேடியது என்ன என்று சொல்ல வந்தேன். அவள் பிறந்தது மாம்பலத்தில். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை ஏரி நீண்டு கிடந்த காலம். வெள்ளைக்காரன் வைத்த பெயர் லாங் டேங்க். மவுண்ட் ரோட்டை ஒட்டி அதன் கரை ஓடியது. 1890-களில் மெட்ராஸ் போட் கிளப்காரர்கள் அதில் படகுப் போட்டியே நடத்தியிருக்கிறார்கள். 1923 வாக்கில் ஜஸ்டிஸ் கட்சி ஆட்சியில் ஊரை விரிவாக்கத் திட்டம் போட்டு, ஏரியை வற்றச் செய்து மனை பிரித்தார்கள். தியாகராயச் செட்டியாரின் பெயரில் தியாகராய நகர் எழுந்தது. பனகல் அரசர் பெயரில் நடுவில் ஒரு பூங்கா. உஸ்மான் ரோடு, டாக்டர் நாயர் ரோடு, பசுல்லா ரோடு எல்லாம் அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள்.

தீபாவளிக்குத் துணி எடுக்க ரங்கநாதன் தெருவுக்குப் போகும்போதெல்லாம் பாட்டி பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே வருவாள். இங்கே தாமரை. அங்கே கோரை. அந்தப் பக்கம் வண்ணான் துறை. கார்த்திகையில் நாரை வந்து இறங்கினால் வெள்ளைத் துணி உலர்த்தியதுபோல் இருக்கும். அவளுக்குப் பதினான்கு பதினைந்து வயதில் கண்ணெதிரே தண்ணீர் இறங்கி, வெடித்த சேறு தெரிந்து, கட்டைவண்டிகளில் மண் வந்து விழுந்தது. மீனை மக்கள் கூடை கூடையாக அள்ளிப் போனார்களாம். "அந்த வருஷம் நாரை வந்துது. ரெண்டு நாள் சுத்திச் சுத்திப் பார்த்துட்டுப் போயிடுத்து" என்பாள். நாங்கள் அதைக் கதையாகக் கேட்டோம். பாண்டி பஜார் வெளிச்சத்தில் ஏரியை எப்படி நம்புவது?

அந்த ஏரிக்கு இன்று எஞ்சியவை மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு என்று சில தெருப்பலகைகள். நுங்கம்பாக்கத்துப் பக்கம் மிஞ்சியிருந்த கடைசித் துண்டையும் எழுபதுகளில் தூர்த்தார்கள். 1976-இல் திறந்த வள்ளுவர் கோட்டம் அந்த ஏரித்தரையில் நிற்கிறது. 2021 நவம்பரில் தி. நகர்த் தெருக்களில் நாள்கணக்கில் முழங்கால் தண்ணீர் நின்றபோது, தொலைக்காட்சியில் வடிகாலைப் பற்றியும் ஒப்பந்தத்தைப் பற்றியும் பேசினார்கள். பள்ளம் அங்கே இருந்ததால் தண்ணீர் அங்கே வந்தது. பாட்டி உயிரோடு இருந்திருந்தால் இரண்டே வார்த்தையில் சொல்லி முடித்திருப்பாள்.

சில ஆண்டுகளுக்கு முன் மகள் வேலை பார்க்கும் ஆல்புகர்க்கிக்குப் போயிருந்தேன். அமெரிக்காவின் தென்மேற்கில், நியூ மெக்சிகோ மாநிலத்தில், ரியோ கிராண்ட் ஆற்றங்கரையில் இருக்கும் பாலைவன நகரம். பழைய ஊர்ப்பகுதியை ஒட்டி ஓர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். உயிர் காலேஜ் போன மறு வருஷம், 1986-இல் திறந்தது. வாசலில் வெண்கலத்தில் இரண்டு டைனோசர்கள் எதிரெதிரே நிற்கின்றன. பெரிய எலும்புக்கூடுகள் உள்ளேயும் உண்டு. ஆனால் என்னை நிற்க வைத்தது வேறு. அந்த அருங்காட்சியகம் உலகத்தைச் சுற்றிக் காட்டவில்லை. தன் காலடி மண்ணைத் தோண்டித் தோண்டிக் காட்டுகிறது. ஒவ்வொரு கூடமும் அந்த மாநிலத்தின் ஒரு யுகம். ஒரு கூடம் முழுக்க நியூ மெக்சிகோவின் கடற்கரை. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீரில்லாத ஊரில் கடற்கரை! கிரெட்டேசியக் காலத்தில் அங்கே கடல் இருந்திருக்கிறது, அதன் சிப்பிகளும் தாவரங்களும் இவை என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். அடுத்தது எரிமலைக் கூடம். அதிலிருந்து வெளியே வந்து மேற்கே பார்த்தால், ஊரின் விளிம்பில் அவிந்துபோன எரிமலைகள் மேடுமேடாகத் தெரிகின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ளே பார்த்ததை வெளியே விரல் நீட்டிக் காட்டிக்கொண்டு போனார்கள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்போதுதான் பாட்டியின் கேள்வியும் விளங்கியது. நம்ம ஊர்ல கிடைச்சது ஒண்ணும் இல்லியா?

இல்லாமல் இல்லை. நம்மிடமும் கடல் இருந்த நிலம் உண்டு. அரியலூர்ப் பக்கம் வயல் உழும்போது அம்மோனைட் சுருள் கிடைக்கும். விழுப்புரம் திருவக்கரையில் இரண்டு கோடி ஆண்டுக் கல்மரங்கள் கிடக்கின்றன. இன்னும் கிட்டே வந்தால், பல்லாவரம். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற புவியியலாளர் அங்கேதான் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு உலகம் ஏற்ற முதல் சான்று அது. அவர் சேர்த்து வைத்தவற்றை 1904-இல் அரசு விலைக்கு வாங்கி எழும்பூர் அருங்காட்சியகத்தில் வைத்தது. பரங்கிமலை, பல்லாவரத்துக் கருங்கல்லுக்குப் புவியியலில் சார்னோகைட் என்று பெயர். அந்தக் கல்லில்தான் கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறை செதுக்கப்பட்டது. அதனால் அவர் பெயர். உலகத்தின் எந்த மூலையில் அந்தப் பாறை கிடைத்தாலும், அதை முதலில் விவரித்தது நம் பரங்கிமலையை வைத்து. மீனம்பாக்கத்தில் விமானம் இறங்கும்போது ஜன்னல் வழியே தெரிகிறதே, அந்தக் குன்றுதான்.

கோடரியும் கல்லும் இருக்கின்றன. ஏரி இல்லை. எழும்பூரில் எனக்கு ஓர் அறை வேண்டும். சென்னை என்ற இந்த நிலத்துக்கென்று ஓர் அறை. நடுவில் லாங் டேங்கின் வரைபடம், இன்றைய தெருக்களின் மேல் பதித்து, தன் வீடு எந்த ஆழத்தில் இருக்கிறது என்று ஒரு பிள்ளை விரல் வைத்துப் பார்க்கும்படி. அடையாற்றுப் பிரம்மஞான சபையின் ஆலமரம், 1989 புயலில் அதன் தாய்மரம் சாய்வதற்கு முன் எப்படி இருந்தது என்ற படம். அந்தத் தோட்டத்தில் நரி ஊளையிட்டது பெசன்ட் நகரின் முதல் குடித்தனக்காரர்களுக்கு நினைவிருக்கும்; அவர்கள் குரலைப் பதிந்து வைக்க வேண்டும். கிண்டியில் இன்றும் மேயும் வெளிமானுக்கு ஒரு சுவர். பங்குனி இரவுகளில் கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமைக்கு ஒன்று. எழுபதுகளின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கர் முதலானவர்கள் ராத்திரியில் கரையோரம் நடந்து அந்த முட்டைகளைக் காக்கத் தொடங்கினார்கள். 1988 முதல் மாணவர்கள் அமைப்பாகச் சேர்ந்து நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடக்கிறார்கள். இன்றும் நடக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்குத் தெம்பு வருகிறது.

அடையாற்று முகத்துவாரத்துக்குத்தான் பெரிய சுவர் தர வேண்டும். 1967-இல் கட்டி 1977-இல் வெள்ளம் உடைத்துப்போட்ட பாலம் அங்கே இன்னும் பாதியில் நிற்கிறது. கல்லூரி நாள்களில் அதன் முனையில் உட்கார்ந்து பூநாரைகளைப் பார்த்திருக்கிறேன். பட்டினப்பாக்கத்துப் பக்கம் சேற்றில் உள்ளான்கள் ஓடும். பிறகு கழிமுகத்தைத் தூர்த்துத் தூர்த்து எம்.ஆர்.சி. நகர் எழுந்தது. மிஞ்சியதில் 58 ஏக்கரை மீட்டு 2011-இல் பூங்காவாக்கினார்கள். அலையாத்தி மரங்கள் மறுபடி தழைத்திருக்கின்றன, கொக்குகள் திரும்பியிருக்கின்றன. தூர்த்ததைத் தோண்டினால் உயிர் திரும்பும் என்பதை நான் அங்கே பார்த்தேன்.

போன வருஷத்திலிருந்து ஊரூர்க் குப்பத்துப் பெரியவர் ஒருவரிடம் போய் உட்கார்ந்துகொள்கிறேன். வலை பின்னிக்கொண்டே பேசுவார்.

"ஐப்பசில மழ வெள்ளம் வந்து மொகத்துவாரம் ஒடைஞ்சிச்சின்னா போதும்மா. மடவை கூட்டங் கூட்டமா உள்ள ஏறும். பின்னாலயே கொடுவா வரும், அதப் புடிச்சித் துன்ன. எறாவெல்லாம் துண்டாலயே வாரியிருக்கோம்."

"இப்போ?"

"இப்போ மண்ணு அடைச்சிக்குது. ஜேசிபி வச்சி வெட்றாங்க. வெட்டினா ரெண்டு நாளு தொறக்கும், அப்பால மூடிக்கும். ஆத்துல வர்ற தண்ணியே வேறயாச்சேம்மா."

காற்று எந்தப் பக்கம் திரும்பினால் எந்த மீன் வரும், எந்த மாதம் முகத்துவாரத்தின் எந்தக் கரையில் மணல் சேரும் என்பது அவருக்கு மனப்பாடம். அவருடைய பிள்ளைகளில் ஒருவர் ஓட்டுநர், ஒருவர் பீச்சில் கடை வைத்திருக்கிறார். ஆற்றுக்கு யாரும் போவதில்லை. எழும்பூரில் அறை எப்போது வருமோ தெரியாது. அதற்குள் அவர் சொல்வதை மாதம் மாதமாக நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். மீன் பெயரைத் தப்பாக எழுதினால் பேத்தியை விட்டு வாசிக்கச் சொல்லித் திருத்துகிறார். ஐப்பசியும் கார்த்திகையும் முடிந்தன. மார்கழிக்கு அவரே ஒரு நாள் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.